கழிந்த நீரும் கழியாப் பயனும்

தெய்வப்புலமைத் திருவள்ளுவர் தம் நூலிற் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நீத்தார் பெருமையும் அறன் வலியுறுத்தலும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வைப்பு முறையின் பொருத்தத்தை வகுப்பில் எடுத்துரைக்கும்போது, ஆறு பாயும் நாட்டுப் பிள்ளைகளிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளே அதனை விரைந்து உணர்வர் என்பது என் துணிபு. வானம் தருவதன்றி வேறு நீர் எமக்கில்லை. மகாவலி எம்மண்ணை நாடி வருவதில்லை. வழுக்கையாறோ மாரியில் ஓடிக் கோடையில் வறள்வது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, செம்மண்ணையும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளையும் ஊடறுத்து இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படலமாய் மிதந்து நிற்கின்றது. அதனையே ஆண்டு முழுவதும் இறைத்துக் குடிக்கின்றோம், குளிக்கின்றோம், வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கின்றோம்.

யூபிலி மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதப்புகின், சங்கச் செய்யுள் ஒன்றன் நயத்தையோ நாவலர் பெருமானின் வசனநடையையோ வாசகர் எதிர்பார்த்தல் இயல்பே. யான் எடுத்துக்கொண்ட பொருளோ கழிவுநீர். இப்பெயரைக் கண்டதும் முகஞ் சுளித்து அடுத்த பக்கத்தைப் புரட்ட எண்ணும் அன்பர் சற்றுப் பொறுத்தருள்க. அச்சுளிப்பே இக்கட்டுரை எழுந்தமைக்குக் காரணம்.

அறியாமற் பருகும் நீர்

கழிவுநீரைச் சுத்திகரித்து மீளப் பயன்படுத்துவோம் என்று ஒருவர் சொன்னால், "சீ, அந்த நீரையா?" என்பதே முதல் மறுமொழியாக வருகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாம் அந்நீரைப் பன்னெடுங் காலமாகப் பருகி வருகின்றோம் என்பதே உண்மை. சுத்திகரியாமற் பருகுகின்றோம் என்பது மட்டுமே வேறுபாடு.

நகரத்துச் சிறு வளவு ஒன்றை நோக்குக. ஒரு மூலையிற் கிணறு. மறு மூலையில் மலசலகூடக் குழி. இரண்டிற்கும் இடையே வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். பக்கத்து வளவிலும் அவ்வாறே. பாட்டனார் காலத்தில் நான்கு பரப்புக் காணியில் ஒரு குடும்பம் இருந்தது. இன்று அதே காணியில் மூன்று வீடுகளும் மூன்று குழிகளும் இருத்தல் கூடும். குழியிலிருந்து கசியும் நீர், மணற்பாங்கான நிலத்திற்போல மெல்லமெல்ல வடிகட்டப்படுவதில்லை; கல்லின் இடுக்கு வழியே விரைந்து நிலத்தடி நீரைச் சேர்கின்றது. தோட்டத்துக்கு இடும் யூரியாவில் பயிர் உண்டது போக எஞ்சியதும் மழையோடு கீழிறங்கி அதனுடன் கூடுகின்றது. இதனாலேயே, குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையை எமது கிணறுகள் பல தாண்டியுள்ளன என்று ஆராய்ச்சியாளர் பன்முறை எடுத்துக் காட்டியுள்ளனர். இந்நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. பாற்குடி மாறாக் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்க வல்லது.

இறைப்பு முறை மாறியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. இறைப்பு இயந்திரம் களைப்பறியாது. நன்னீர்ப் படலம் மெலியுந்தோறும் கீழிருக்கும் உவர்நீர் மேலெழுகின்றது. ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு மீண்டும் இனித்தற்குப் பல மாரிகள் வேண்டும்.

இனி, புதியதொரு நிலைமையும் தோன்றியுள்ளது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொணரும் எண்ணம், கிளிநொச்சி உழவரின் நியாயமான அச்சத்தினாற் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, தாழையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகத்து மாதம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது அது. இஃது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின், குழாயில் வந்த நீர் குளியலறையையும் சமையலறையையும் கடந்த பின் எங்கே செல்கின்றது? கோடிக்கணக்கான பணமும் பெருந்தொகையான மின்சாரமும் செலவிட்டு உப்பகற்றிய அந்நீரும் அதே குழிகளிலேதான் விழுகின்றது. நன்னீர் வரவு பெருகப் பெருகக் குழிநீரும் பெருகும். கிணறு மேலும் கெடும். வரும் நீருக்கு வழி செய்து போகும் நீருக்கு வழி செய்யாமை, வீட்டுக்கு வாசல் வைத்துப் புகைபோக்கி வையாமையை ஒக்கும்.

கழிவுநீர் என்பது யாது?

நகரக் கழிவுநீரில் நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேற்பட்டது வெறும் நீரே. எஞ்சிய சிறு பங்கே அழுக்கு. அவ்வழுக்கிலும் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்னும் பயிருணவு உண்டு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. வீட்டுக் கழிவுநீரில் அத்துணை உப்பு இருப்பதில்லை. ஆதலின் கடல்நீரை நன்னீராக்குவதிலும் கழிவுநீரைத் தூய்தாக்குதற்கு மின்சாரம் குறைவாகவே செல்லும்.

சுத்திகரிக்கும் முறையிலும் மந்திரம் ஒன்றுமில்லை. முதலிற் கனத்த பொருளை அடையவிடுவர். பின் காற்றூட்டிப் பற்றீரியாக்களை வளர்த்து அழுக்கை உண்ணச் செய்வர். அடுத்து, காற்றில்லாத தொட்டியில் வேறு சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றைச் சிதைத்து வளியாக்கி வெளியேற்றும். மீண்டும் அடையவிட்டு, மணலில் வடித்து, குளோரீனாலோ ஊதாக்கடந்த கதிராலோ கிருமிகளை ஒழிப்பர். ஆறும் குளமும் பல நாளிற் செய்யும் வேலையை ஒரு வேலிக்குள் சில மணி நேரத்திற் செய்வதே இத்தொழில்.

நமது முன்னோர் இதன் எளிய வடிவத்தை அறிந்திருந்தனர். கிணற்றடியிற் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைப் பாத்திக்கும் கமுகடிக்கும் சென்றது. குளித்த நீரென்று அவ்வாழைக்குலையை எவரும் ஒதுக்கியதில்லை. அதே குலை கோயிலுக்கும் சென்றது. குழாயும் குளியலறையும் சீமெந்துத் தளமும் வந்தபின் அவ்வாய்க்கால் மறைந்தது. அதனோடு அறிவும் மறைந்தது.

பிறர் செய்து காட்டியவை

சிங்கப்பூர் எமக்குப் புதிய ஊரன்று. எம் பாட்டன்மார் பலர் அங்கும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்து, பென்ஷன் பணத்திற் கட்டிய கல்வீடுகள் இன்றும் ஊர்தோறும் நிற்கின்றன. அத்தீவு 1960களிலேயே யூரோங் கைத்தொழிற் பேட்டைக்குச் சுத்திகரித்த நீரை வழங்கத் தொடங்கியது. பின், மென்சவ்வுகளுக்கூடாக அழுத்தத்தாற் செலுத்தி ஊதாக்கதிரால் தூய்தாக்கிய நீருக்கு நியூவாட்டர் எனப் பெயரிட்டு, 2002ஆம் ஆண்டுத் தேசிய தினத்தில் மக்களுக்குப் போத்தலில் வழங்கியது. தலைவர்களும் மக்களோடு சேர்ந்து அதனைப் பருகினர். 2003இல் நிலையங்கள் திறக்கப்பட்டன. அந்நீரின் பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்கே செல்கின்றது. மின்னணுச் சில்லுகள் செய்யும் ஆலைகள் குடிநீரிலும் தூய்மையான நீரை வேண்டுவன ஆதலின் அதனை விரும்பி வாங்குகின்றன. சிறு பங்கு மட்டும் குடிநீர்த் தேக்கங்களிற் கலக்கப்படுகின்றது. யந்திரத்தினும் முதன்மையானது யாதெனின், அரசு எதனையும் மறையாமல் மக்களுக்கு விளக்கியமையே.

இஸ்ரேல் நாடு தன் கழிவுநீரில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்ட பங்கை மீட்டு உழவுக்கு அளிக்கின்றது. தெல் அவிவ் நகரத்து நீர், சுத்திகரித்தபின் மணற்குன்றுகளில் இறக்கப்பட்டு, மணலாற் பலகாலம் வடிக்கப்பெற்று, மீள இறைக்கப்பட்டுத் தெற்கேயுள்ள நெகேவ் வறள்நிலத்தில் தோட்டமாகின்றது. ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். அவர்க்கு மணல் வாய்த்தது. எமக்குச் சுண்ணக்கல் வாய்த்தது. அவர் செய்தவாறே யாமும் நிலத்தில் இறக்குவோமெனின், மணல் செய்யும் பணியைப் பொந்துள்ள கல் செய்யாது. பிறர் செய்கையிற் கருத்தைக் கொள்ளலாம். அதனை எம்மண்ணுக்கு இசைவித்துக் கொள்ளல் வேண்டும்.

சென்னை நகரின் செய்தியும் அறியத்தக்கது. மணலியிலுள்ள பெருந்தொழிற்சாலைகள் சில 1990களிலேயே நகரக் கழிவுநீரைப் பெற்றுத் தூய்தாக்கிப் பயன்படுத்தின. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வற்றி மக்கள் குடங்களோடு தெருவில் நின்றனர். அவ்வாண்டிலே கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லீற்றர் வீதம் கழிவுநீரை மென்சவ்வுகளாற் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. ஆலை அந்நீரை வாங்கும்போது, அதனளவு ஏரிநீர் மக்களின் குடத்துக்கு எஞ்சுகின்றது.

இனித் திருப்பூர். அங்கே பனியன் துணிக்குச் சாயமிட்ட நீர் நொய்யலாற்றில் விடப்பட்டது. பாசனத்துக்கென 1992இற் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அவ்வணையைத் திறக்க வேண்டாமென உழவரே வேண்டும் நிலை வந்தது. அணையைத் திறவுங்கள் என்று உழவர் வேண்டுதல் உலகத்தியல்பு. உழவர் வழக்காடினர். ஒரு துளியும் வெளியே விடலாகாதென்னும் ஆணையை நிறைவேற்றாமையால், 2011ஆம் ஆண்டு சனவரியிற் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை மேல்நீதிமன்றம் பணித்தது. அதன் பின்னரே நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து, இரண்டையும் மீளச் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை ஊன்றியது. முதலிலேயே செய்திருந்தால் ஓர் ஆறு பிழைத்திருக்கும்.

ஆறு கெட்டால் கண்ணுக்குத் தெரியும். எமக்கோ ஆறு நிலத்தின் கீழே. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையச் சூழலிலே எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கென இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு 2019இல் உயர் நீதிமன்றம் பணித்தது. பணம் தரலாம்; கிணற்றைப் பழையபடி தருதல் எவர்க்கும் எளிதன்று.

எமக்கு வேண்டிய நெறி

இவற்றிலிருந்து யான் கொள்ளும் முடிபு இது: எம்மண்ணின் நன்னீர்ப் படலம் குடித்தற்கும் சமைத்தற்கும் உரிய முதல் நீர். சுத்திகரித்த நீர், தோட்டத்துக்கும் தொழிலுக்கும் உரிய இரண்டாம் நீர். முதல் நீரால் இரண்டாம் நீரின் வேலையைச் செய்வது ஊதாரித்தனம். கட்டடம் கட்டவும், வாகனம் கழுவவும், புல்தரை நனைக்கவும், ஆலையின் இயந்திரம் குளிரவும் குடிநீரை இறைக்கின்றோம். அச்சுவேலிக் கைத்தொழிற் பேட்டையிலாயினும் பிறிதோரிடத்திலாயினும் இனி எழும் ஆலைகள் தம் நீரைத் தாமே மீட்டுப் பயன்படுத்துதல் தொடக்கத்திலேயே விதியாதல் வேண்டும். வைத்தியசாலைகளும் பெரும் விடுதிகளும் அவ்வாறே. எனினும், பின்வரும் மூன்று காவல்களின்றி இரண்டாம் நீரில் ஒரு துளியையும் நிலத்தில் விடலாகாது.

முதலாவது, வேறுபாடு. இரண்டாம் நீரின் குழாய்க்கு வேறு நிறமும் வேறு பாதையும் வேண்டும். தொட்டிகளும் வடிபடுகைகளும் கசிவில்லாச் சீமெந்துத் தளத்தில் அமைதல் வேண்டும். பயிரிலும் தேர்வு வேண்டும். பச்சையாய் உண்ணும் காய்கறிக்குப் பாய்ச்சும் நீரில், 100 மில்லிலீற்றருக்கு மலக்கிருமி 1000க்கும், லீற்றருக்குக் குடற்புழு முட்டை ஒன்றுக்கும் மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் 1989இல் விதந்தது. 2006இல் அந்நிறுவனம் சுத்திகரிப்பு, பயிர்த்தேர்வு, பாய்ச்சும் முறை, கழுவுதல், சமைத்தல் எனத் தடைகள் பலவற்றை அடுக்கி அமைக்குமாறு கூறியது. நாம் தென்னையிலும் மாட்டுப்புல்லிலும் மரச்சோலையிலும் தொடங்குவோம். வெங்காயத் தாறையை அனுபவம் முதிர்ந்தபின் நினைப்போம்.

இரண்டாவது, உரக்கணக்கு. இரண்டாம் நீரிற் பயிருணவு உண்டு என்றேன். அந்நீரைப் பாய்ச்சும் உழவர் வழமையான யூரியாவையும் குறையாது இட்டால், மிகுதி நேரே கிணற்றுக்குப் போகும். நன்மையே தீமையாகும் இடம் இதுவே. ஆதலின் நீரிலுள்ள நைதரசனை அளந்து, அவ்வளவுக்கு உரத்தைக் குறைத்தல் கட்டாயம். உழவருக்கும் உரச்செலவு மிஞ்சும்.

மூன்றாவது, வெளிப்படையான அளவீடு. இதுவே ஏனைய இரண்டிற்கும் உயிர். யந்திரம் பழுதுபடும், மின்சாரம் தடைப்படும், பொறுப்பாளர் விடுமுறையிற் போவார். அந்நாளில் நீர் எவ்வாறிருந்தது என்பது ஊரார்க்குத் தெரிதல் வேண்டும். கோப்பில் உறங்கும் அறிக்கை எவரையும் காவாது. வாசலிற் பலகை வைத்து நாள்தோறும் எண் எழுதும் நிலையத்தையே ஊர் நம்பும். நம்பிக்கையின்றி இத்துறையில் எவ்வளவு பணம் கொட்டினும் பயனில்லை.

தடை மூன்றும் விடையும்

ஆசாரத்துக்கு ஒவ்வாது என்பார் சிலர். ஆசாரத்தின் அடிப்படை தூய்மை. குழியையும் கிணற்றையும் அருகருகே வைத்துவிட்டு ஆசாரம் பேசுதல் பொருந்தாது. மலத்தைக் கிணற்றிலிருந்து விலக்கும் தொழிலே உண்மையான ஆசாரம். மேலும், இரண்டாம் நீரைக் குடிக்குமாறு யான் எவரையும் அழைக்கவில்லை. தென் ஆபிரிக்காவை அடுத்த நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் அதனைக் குடிநீரிற் கலந்து வருகின்றது என்பது உண்மையே. அத்துணைப் பயிற்சியும் அத்துணைத் தேவையும் எமக்கு இன்னும் வரவில்லை.

செலவு மிகும் என்பார் சிலர். செலவு உண்டு. ஆயின், கிணறு கெட்டபின் போத்தல் நீருக்கும், பவுசர் நீருக்கும், வைத்தியத்துக்கும் செல்வதையும் அதே கணக்கில் எழுதுதல் வேண்டும். அதனை ஏழைகளே தம் பையிலிருந்து இறுப்பதனால், அச்செலவு எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

அரசு செய்யட்டும் என்பார் பலர். நகரம் முழுவதற்குமான குழாய்த்தொடரும் பெருநிலையமும் அரசின் கடன். அதனைக் கேட்டுப் பெறுதல் எம் கடன். அதுவரை கைகட்டி நில்லாமல், ஓரிடத்திற் செய்து காட்டலாம் அன்றோ? அவ்விடம் எமது கல்லூரியாயின் என்ன?

யூபிலிக்கு ஒரு விண்ணப்பம்

யூபிலி என்றதும் நுழைவாயில், நினைவுத்தூண், மண்டபம் என்பனவே எண்ணத்தில் எழுகின்றன. அவற்றின் அழகை யான் குறை கூறேன். அவற்றோடு, கண்ணைக் கவராத ஒன்றையும் பழைய மாணவர் சங்கம் ஏற்குமாறு பணிவுடன் வேண்டுகின்றேன். விடுதியில் நூறு பிள்ளைகள் நாளொன்றுக்குத் தலைக்கு நூறு லீற்றர் செலவிடுவரெனக் கொள்வோம். பத்தாயிரம் லீற்றர் ஆயிற்று. கோடையில் ஒரு சதுர மீற்றர் புல்லுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வேண்டுமெனின், அந்நீர் இரண்டாயிரம் சதுர மீற்றரைப் பசுமையாய் வைத்திருக்கும். வைகாசி வெயிலிற் புழுதி பறக்கும் மைதானத்தில் அஃது ஒரு நல்ல பங்கு. அதற்கு வேண்டுவன, ஓர் அடைவுத் தொட்டி, சீமெந்துத் தளத்திற் கல் பரப்பி நாணலும் சம்பும் நட்ட வடிபடுகை, ஒரு மணல் வடி, கிருமி நீக்கும் ஒரு சிறு பொறி ஆகியனவே.

எம் பழைய மாணவருட் பொறியியலாளர் உளர், வைத்தியர் உளர், மண்ணை அறிந்த கமக்காரர் உளர், கடல்கடந்து வாழ்ந்தும் கல்லூரியை மறவாத கொடையாளர் உளர். வரைபடம் ஒருவர் தரலாம். நலக்காவலை ஒருவர் ஏற்கலாம். எந்த மரம் எவ்வளவு நீரை ஏற்கும் என்பதைக் கமக்காரரே சொல்ல வல்லார். மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. உயர்வகுப்புப் பிள்ளைகள் இரசாயன ஆய்வுகூடத்தில் அந்நீரின் நைத்திரேற்றையும், கல்லூரிக் கிணற்று நைத்திரேற்றையும் வாரந்தோறும் அளந்து, வாசற் பலகையில் எழுதுவாராக. எண் நன்றாயினும் தீதாயினும் எழுதுவாராக. எண் எல்லையைத் தாண்டிய வாரத்தில் வால்வை மூடும் உரிமையும் அவர்க்கே இருக்கட்டும். பாடப்புத்தகத்தில் உண்மை பேசுக என்று பயிற்றுவதிலும், அப்பலகை பயிற்றுவது மிகுதி.

இவ்வாறு ஐந்தாண்டு தவறாது நடக்குமாயின், அயலிலுள்ள வைத்தியசாலையும் விடுதியும் ஆலையும் நகரசபையும் எம்மிடம் வந்து கேட்கும். அப்போது அப்பலகையின் எண்களை எடுத்துக் காட்டலாம். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்விண்ணப்பத்தை நிகழ்ச்சி நிரலிற் சேர்த்து, ஆய்ந்து, குறையிருப்பின் திருத்தி, கூடுமாயின் நிறைவேற்றுமாறு கேட்டு அமைகின்றேன். வாழ்க எம் கல்லூரி! வளம்பெறுக எம் நீர்!